பிரிக்காமல் உருக்கிய ஒரு வாளி: வீட்டுக் குண்டு வார்ப்பில் துத்தநாகக் கலப்பும் ஈயத் தூசியும்

## பின்னணி

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடும் ஒருவர், தம் பயிற்சிக்கான ஈயக் குண்டுகளைத் தாமே வார்த்துவந்தார். துப்பாக்கி உரிமம் உள்ளவர். அவர் வாழும் இடத்தில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்ப்பதற்குச் சட்டத் தடை இல்லை. சில ஆண்டுகளாக, கலவை விகிதம் குறிப்பிட்ட ஈயப் பாளங்களை விலைக்கு வாங்கி, அடியில் திறப்புள்ள 10 கிலோ மின்கொப்பரையில் உருக்கி வார்த்தார். அதுவரை சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை. வீட்டில் மனைவியும் இரண்டரை வயதுக் குழந்தையும் இருந்தார்கள். வேலை நடந்த கொட்டகை வீட்டோடு ஒட்டியது. அதிலிருந்து சமையலறைக்குப் போக ஒரு குறுகிய நடைவழி, அந்த நடையில்தான் துணி துவைக்கும் இயந்திரம்.

செலவைக் குறைக்க அவர் பழைய உலோகத்துக்கு மாறினார். டயர் மாற்றும் பட்டறை ஒன்றிலிருந்து, சக்கரம் அதிராமல் சுழல அதன் விளிம்பில் பொருத்தும் சிறு உலோகத் துண்டுகளான சக்கரச் சமன் எடைகள் இரண்டு வாளி வந்தன. ஒரு வாளி 23 கிலோ, இன்னொன்று 24 கிலோ. சுடுதளத்தின் மண்மேட்டிலிருந்து சலித்தெடுத்த பழைய குண்டுகள் ஒரு சாக்கில் 18 கிலோ. இவற்றைக் கொண்டுவர உதவிய நண்பரும் அதே விளையாட்டுக்காரர்தான்.

சக்கர எடைகளை வார்ப்பவர்கள் விரும்பக் காரணம் உண்டு. விளிம்பில் கிளிப்பால் மாட்டும் ஈய எடைகளில் ஈயத்தை இறுக்கும் ஆன்டிமனி ஏறத்தாழ 3 சதவீதம், அரை சதவீதம் வெள்ளீயம், மிகச் சிறிதளவு ஆர்சனிக் இருக்கும். வார்த்தால் பிரினெல் அளவில் 10 முதல் 12 வரை கடினம் கிடைக்கும். தூய ஈயம் 5 தான். பசையால் ஒட்டும் வகை எடைகளோ கிட்டத்தட்டத் தூய ஈயம். ஒரு தலைமுறைக்கு முன் இவ்வளவு தெரிந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலை முதல் பயணிகள் வாகனங்களில் ஈய எடைகளைத் தடைசெய்தது, கலிபோர்னியா 2010இல் தடைசெய்தது. அதன்பின் துத்தநாகமும் இரும்பும் எடைச் சந்தைக்குள் வந்துவிட்டன. இன்று ஒரு பட்டறை வாளியில் மூன்றும் கலந்தே கிடக்கும். மூன்றும் ஒரே சாம்பல் நிறம், ஒரே வடிவம், மேலே ஒரே பிரேக் தூசி.

## முதல் உருக்கல்

முதல் வாளியைப் பிரிக்காமலே உருக்கினார்கள். பின்கட்டு மேசையில் கொட்டி, கண்ணில் பட்ட ரப்பர் வால்வுகளையும் சிகரெட் துண்டுகளையும் மட்டும் வெறுங்கையால் பொறுக்கியெறிந்தார்கள். மீதி முழுவதும் வார்ப்பிரும்புச் சட்டிக்குப் போனது. சட்டி வீட்டுக்கு வெளியே, எரிவாயு அடுப்பின் மேல். வெப்பமானி இல்லை.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419 டிகிரியில். இடையில் 90 டிகிரி அவகாசம் இருக்கிறது. துத்தநாகத்தின் அடர்த்தி 7.1, ஈயத்தினுடையது 11.3. ஆகவே அந்த இடைவெளியில் துத்தநாக எடைகள் முழுசாக மேலே மிதக்கும், துளைக் கரண்டியால் அள்ளிவிடலாம். இவர்கள் சட்டியிலும் மிதந்தன. ஈயம் உருகியபின் மேலே இரும்புக் கிளிப்புகளோடு உருகாத கட்டிகளும் நின்றன. கிளிப்போடு ஒட்டிக்கொண்ட ஈயம் என்று எண்ணி அடுப்பைக் கூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டிகள் காணாமல் போயின.

இந்த நிகழ்வின் திருப்புமுனை அதுதான். ஈயம் முழுதும் உருகிய சட்டியில் ஒரு கட்டி உருகாமல் மிதந்தால், அது ஈயம் இல்லை. அதை வெளியே எடுக்க வேண்டுமே தவிர அடுப்பைக் கூட்டக் கூடாது.

கிளிப்புகளை அள்ளியபின் மேற்பரப்பு பளபளப்பாகாமல் ரவைக் கஞ்சிபோலத் திரண்டது. அழுக்கைப் பிரிக்க மெழுகு போட்டுக் கிண்டினார்கள், திரும்பவும் திரண்டது. மேலும் மெழுகு, மேலும் கிண்டல், ஒவ்வொரு முறையும் சாம்பல்போன்ற உலர்ந்த கசடு வழித்தெடுக்கப்பட்டது. வழக்கமாக ஒரு டப்பா அளவுக்கு வரும் கசடு, அன்று ஒரு பிளாஸ்டிக் பையின் பாதிக்கு வந்தது. பையை வாய் கட்டாமல் நடையில், துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தார்கள். குப்பை எடுக்கும் நாளுக்குக் காத்திருந்த பை அது. கொட்டகைத் தரையைத் துடைப்பத்தால் பெருக்கி, மீதியைச் சாதாரணத் தூசி உறிஞ்சியால் எடுத்தார்கள்.

கிடைத்தவை 14 பாளங்கள், சுமார் 15 கிலோ.

## வார்க்கும்போது தெரிந்தவை

அடுத்த வாரம் அந்தப் பாளங்களில் ஏழு மின்கொப்பரைக்குப் போயின. அறிகுறிகள் வரிசையாக வந்தன.

அச்சில் குண்டு முழுதாக நிறையவில்லை. அடிப்பகுதியின் விளிம்பு கூர்மையாக வர வேண்டிய இடத்தில் மழுங்கி உருண்டது. மசகு வைக்கும் பள்ளங்களின் ஓரமும் அப்படியே. அச்சு போதுமான சூடில்லை என்று முதலில் நினைத்தார். அச்சைச் சூடேற்றியும் மாறவில்லை. உலோகத்தை 400 டிகிரிக்கு ஏற்றியபோது மேற்பரப்புத் தோல் இன்னும் தடித்தது. ஒரு சதவீதம் வெள்ளீயம் சேர்த்தார். வழக்கமாக அச்சு நிறையாத கலவைக்கு அதுதான் மருந்து, இங்கே பலிக்கவில்லை. கரண்டியால் தோலை விலக்கினால் மூன்று நான்கு நொடியில் புதுத் தோல் மூடியது. அடித்திறப்பில் துகள் சிக்கி ஒழுகத் தொடங்கியது.

அந்த அச்சு வழக்கமாக 10.2 கிராம் குண்டு தரும். இப்போது 9.7 முதல் 10.0 வரை ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் வந்தது. துத்தநாகம் லேசான உலோகம், அதனால்தான் எடை குறைந்தது என்று நண்பர் சொன்னார். கணக்கு அதை ஏற்கவில்லை. ஒரு சதவீதத் துத்தநாகம் கலவையின் அடர்த்தியை அரை சதவீத அளவுக்கே குறைக்கும், 10.2 கிராமில் அது 0.06 கிராம்கூட வராது. ஐந்து சதவீதம் குறைகிறது என்றால் உலோகம் அச்சை நிரப்பவில்லை என்றே பொருள். சந்தேகமுள்ள கலவையில் ஒரே அச்சின் 20 குண்டுகளை எடைபோட்டுப் பார்ப்பது மலிவான, நம்பகமான சோதனை. சராசரி எடையைவிட எடைகளின் சிதறல் அதிகம் சொல்லும்.

இவ்வளவுக்கும் காரணம் துத்தநாகத்தின் ஆக்சைடுத் தோல். காற்று பட்ட கணமே உருவாகும் அந்தத் தோல், உருகிய உலோகத்தின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அச்சின் நுண்ணிய மூலைகளுக்குள் உலோகம் புகுவதில்லை.

உறுதிசெய்ய அமிலச் சோதனை செய்தார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு துத்தநாக எடைமேல் விழுந்தால் உடனே நுரைக்கும், ஈயத்தின்மேல் அசையாது கிடக்கும். இரண்டாவது வாளியிலிருந்த எடைகளில் இது தெளிவாக வேலைசெய்தது. கெட்டுப்போன பாளங்களின்மேல் சொட்டியபோது சிலவற்றில் லேசான குமிழி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒரு சதவீதத்துக்கும் குறைவான கலப்பை இந்தச் சோதனை நிச்சயமாகக் காட்டாது. தனித்தனி எடைகளைப் பிரிக்க அமிலம் உதவும். உருக்கிக் கலந்தபின் ‘நுரைக்கவில்லை, எனவே சுத்தம்’ என்று சொல்ல உதவாது.

## கெட்ட 15 கிலோவை என்ன செய்வது

நான்கு வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, வெப்பத்தைக் குறைத்துத் திரளும் கஞ்சியை வழித்தெடுப்பது. இது ஓரளவு பலிக்கும். 418 டிகிரியில் ஈயம் சுமார் 2 சதவீதத் துத்தநாகத்தைக் கரைத்து வைத்திருக்கும், குளிரக் குளிர அதிகப்படியானது படிகமாக மேலே வரும். ஆனால் ஈயம் உறையும் நிலை நெருங்கும்போதும் ஏறத்தாழ அரை சதவீதம் கரைந்தே இருக்கும். அதற்குக் கீழே எந்தக் கரண்டியாலும் போக முடியாது. அரை சதவீதம் என்றால் 10 கிலோவுக்கு 50 கிராம், அச்சு நிறையாமல் போக அது போதும்.

இரண்டாவது, நல்ல ஈயத்தோடு கலந்து நீர்ப்பது. அரை சதவீதத்தை அதில் பத்தில் ஒன்றாக்க 15 கிலோவுக்கு 135 கிலோ நல்ல ஈயம் வேண்டும். அவ்வளவு இருந்தால் இந்த 15 கிலோ யாருக்குத் தேவை? தவிர, நீர்ப்பது என்பது இருக்கும் நல்ல சரக்கு முழுவதிலும் கறையைப் பரப்புவது.

மூன்றாவது, கந்தகம் போன்றவற்றைச் சேர்த்துத் துத்தநாகத்தைப் பிரிப்பது. ஈயச் சுத்திகரிப்பு ஆலைகள் இதே சிக்கலைத் தினமும் தீர்க்கின்றன. ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க அவை வேண்டுமென்றே துத்தநாகம் சேர்க்கின்றன, பிறகு எஞ்சிய துத்தநாகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கியோ வேதிமுறையிலோ எடுக்கின்றன. வீட்டு அடுப்பில் உருகிய ஈயத்தில் கந்தகம் போட்டால் வருவது மூச்சடைக்கும் கந்தக டையாக்சைடும் இன்னும் அதிகக் கசடும். இதை ஒரே பேச்சில் தள்ளினார்கள், சரியாகவே தள்ளினார்கள்.

நான்காவது, உரிமம் பெற்ற உலோக மறுசுழற்சியாளரிடம் ‘துத்தநாகம் கலந்த ஈயம்’ என்று சொல்லியே கொடுத்துவிடுவது. இதைத்தான் தேர்ந்தார்கள். சொல்லிக் கொடுத்தது முக்கியம், இல்லாவிட்டால் அது வேறொருவரின் சட்டிக்குப் போகும். கொப்பரையைக் காலிசெய்து, ஆறியபின் உள்சுவரை நனைத்த துணியோடு சுரண்டித் துடைத்தார்கள். நன்றாக உலர்ந்ததும் ஒரு கிலோ சுத்த ஈயத்தை அதில் உருக்கி, அதையும் கெட்டதோடு சேர்த்து ஒதுக்கினார்கள். திறப்பு ஒழுகுவது அதன்பிறகு நின்றது.

## குழந்தையின் ரத்தப் பரிசோதனை

இந்த நேரத்தில்தான், வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் குழந்தையின் விரல்நுனி ரத்தத்தில் ஈய அளவு டெசிலிட்டருக்கு 8.6 மைக்ரோகிராம் என்று வந்தது. விரல்தோலில் ஒட்டியிருக்கும் தூசியே இந்த எண்ணைக் கூட்டிக் காட்டலாம் என்பதால் சிரை ரத்தம் எடுத்து உறுதிசெய்தார்கள்: 7.2. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5ஐக் குழந்தைகளுக்கான ஒப்பீட்டு அளவாக, அதாவது அதைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்ற எல்லையாக, வைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 5ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது. தந்தைக்கு 19, தாய்க்கு 4.1.

தந்தையின் 19ஐ வார்ப்பின் மேல் மட்டும் போட முடியாது. அவர் மூடிய சுடுதளத்திலும் பயிற்சி செய்பவர். தோட்டாவின் தீமூட்டியில் உள்ள ஈயச் சேர்மமும் குண்டின் அடியிலிருந்து தெறிக்கும் துகளும் அங்கே காற்றில் இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதா. குழந்தையின் 7.2 வேறு கதை: குழந்தை சுடுதளத்துக்குப் போனதில்லை, உருக்கும்போது அருகிலும் இருந்ததில்லை.

குடும்பத்தின் முதல் ஊகம் புகைதான். சட்டியின் புகை வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அது பொருந்தவில்லை. ஈயத்தின் கொதிநிலை 1749 டிகிரி, 350 டிகிரியில் அது ஆவியாவது மிக மிகக் குறைவு. கண்ணில் பட்ட புகை பெரும்பாலும் மெழுகும் பெயின்ட்டும் பிரேக் அழுக்கும் எரிந்தது. வெப்பமானி இல்லாத முதல் உருக்கலில் சூடு எவ்வளவுக்கு ஏறியது என்று தெரியாததால் புகையை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் சட்டி வெளியே இருந்தது, காற்றோட்டம் இருந்தது.

குடிநீர், சுவர்ப் பெயின்ட், மசாலாப் பொடிகள், கண்மை, பொம்மைகள் ஆகியவற்றையும் பார்த்தார்கள், எதிலும் ஈயம் தென்படவில்லை. பிறகு தரையை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மிக அதிகமாக வந்தது நடையில் கசடுப் பை இருந்த இடம். அடுத்தது சமையலறை வாசலின் மிதியடி, அதற்கடுத்தது காரில் ஓட்டுநர் பக்கத் தரை. உருக்கிய இடத்துத் தரையில் இவை மூன்றையும்விடக் குறைவு.

## கசடும் தூசியும் வந்த வழி

வார்த்துச் சேர்த்த ஈயப் பாளம் கையில் கறுப்பாக ஒட்டும், ஆனால் பறக்காது. கசடு அப்படியல்ல. அது ஈய ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் சாம்பலும் கலந்த நுண்பொடி. பையை ஒருமுறை தட்டினாலே எழும். விழுங்கினால் வயிற்று அமிலத்தில் கட்டி உலோகத்தைவிட எளிதாகக் கரையும். வாளியின் அடியிலும் அதே மாதிரித் தூசி உண்டு. வருடக்கணக்கில் ஒன்றோடொன்று உரசிய எடைகள் உதிர்த்தது அது.

சங்கிலியை இப்படிக் கோக்கலாம். பிரிக்காததால் துத்தநாகம் உள்ளே போனது. துத்தநாகம் கஞ்சியாகத் திரண்டதால் மீண்டும் மீண்டும் கிண்டி வழித்தார்கள். அதனால் கசடு பல மடங்காகி வாய் திறந்த பையில் நடைக்கு வந்தது. பெருக்கியபோது எழுந்த தூசியில் நுண்ணியதைச் சாதாரண உறிஞ்சி பின்பக்கம் ஊதித்தள்ளியது. வேலைக் காலணி அதை மிதியடிவரை கொண்டுவந்தது, வேலைத்துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோனது. குழந்தை தரையில் விளையாடியது, கையை வாயில் வைத்தது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்தால் அது இன்னும் கூடும். இந்தக் குழந்தைக்கு இரும்புச்சத்து சற்றுக் குறைவாகவே இருந்தது.

குண்டு கெட்டதும் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியதும் இரண்டு தனித்தனிச் சிக்கல்களாகவே முதலில் பேசப்பட்டன. இரண்டும் அந்தப் பின்கட்டு மேசையில், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தொடங்கிவிட்டவை.

## எடுத்த நடவடிக்கைகள்

வார்ப்பு முழுதாக நிறுத்தப்பட்டது. மிதியடியும் நடைக் கம்பளமும் தூக்கியெறியப்பட்டன, அவற்றைச் சுத்தம்செய்ய முயல்வது வீண். தரை எல்லாம் ஈரத் துடைப்பு மட்டும்: ஒரு வாளியில் சோப்புநீர், இன்னொன்றில் அலசும் நீர், ஒவ்வோர் அறைக்கும் புதுத் துணி. உலர் துடைப்பம் விலக்கப்பட்டது. நுண்துகள் வடிகட்டியுள்ள உறிஞ்சி வாடகைக்கு வந்தது. பழைய உறிஞ்சியைக் கழுவிப் பார்க்காமல் கழித்தார்கள். கசடு மூடியிட்ட தகரத்தில், பெயர் எழுதி, வீட்டுக்கு வெளியே போனது. பின்னர் பாளங்களோடு சேர்ந்து மறுசுழற்சியாளரிடம் சென்றது.

மருத்துவர் குழந்தைக்கு இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள உணவைக் கூட்டச் சொன்னார். ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படவில்லை. பொதுவாக அது 45 மைக்ரோகிராம் தாண்டினால் யோசிக்கப்படுவது. இந்த அளவில் மருத்துவம் என்பது ஈயம் வரும் வழியை அடைப்பதுதான்.

## இடையில் வந்த பேட்டரி

கெட்ட பாளங்களுக்கு ஈடாக நண்பர் இரண்டு பழைய கார் பேட்டரிகளை உடைத்துத் தட்டுகளை எடுக்கலாம் என்றார். இதை ஏற்கவில்லை, காரணங்கள் வலுவானவை. தட்டுகளின் பெரும்பகுதி உலோகமே அல்ல, அது ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் கலந்த பசை. நடையில் கிடந்த அதே நுண்பொடி, பல மடங்கு. சல்பூரிக் அமிலம் வேறு. தட்டுச் சட்டங்களில் கால்சியமோ ஆன்டிமனியோ ஆர்சனிக்கோ இருக்கலாம். கால்சியம் கலந்த ஈயத்தின் கசடு, ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் உள்ள கசடோடு சேர்ந்து ஈரம்பட்டால் ஸ்டிபைன், ஆர்சைன் என்ற கொடிய வாயுக்கள் வரும். இரண்டுமே சிறு அளவில் உயிரைக் குடிக்கும். பேட்டரிகள் முழுசாகவே மறுசுழற்சிக்குப் போயின.

## இரண்டாவது வாளி

தரையைத் திரும்ப ஒற்றியெடுத்த முடிவுகள் தாழ்ந்தபின் இரண்டாவது வாளியை எடுத்தார்கள். இம்முறை எல்லாம் வீட்டிலிருந்து தள்ளி, திறந்த வெளியில்.

பிரிக்கும்போது தூசி எழாமலிருக்க எடைகளின்மேல் நீர் தெளித்தார்கள். உருகிய ஈயத்துக்கோ ஈரம் எமன். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1600 மடங்கு விரியும், அது ஈயப்பரப்பின் அடியில் நடந்தால் சட்டியே காலியாகும். இரண்டையும் சமாளிக்க வழி, நாள்களை இடையில் விடுவது. ஈரமாகப் பிரி, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவிடு. பிறகு குளிர்ந்த சட்டியில் மொத்தமும் போட்டு, மூடி வைத்து, மெதுவாகச் சூடேற்று. உருகிய ஈயத்தில் புதிய பழஞ்சரக்கு எதையும் போடுவதில்லை.

பிரிப்பின் வரிசை இது. முதலில் எழுத்து: பல எடைகளில் ஈயத்துக்குப் பிபி (Pb), துத்தநாகத்துக்கு இசட்என் (Zn), இரும்புக்கு எஃப்ஈ (Fe) என்று உலோகக் குறி பதிந்திருக்கும். குறி இல்லாததை, அழிந்ததை, கட்டிங் பிளேயரால் விளிம்பில் கடித்துப் பார்த்தார்கள். ஈயத்தில் வாய் ஆழமாக இறங்கும், துத்தநாகத்தில் கீறல்தான் விழும், இரும்பில் அதுவும் இல்லை. பசையால் ஒட்டும் வகை எடைகளுக்கு மட்டுமே காந்தம் உதவியது. கிளிப் வகையில் ஈய எடையின் கிளிப்பும் இரும்பே என்பதால் எல்லாமே காந்தத்தோடு வந்துவிடும். எடையின் உடம்பில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு. சந்தேகம் தீராததற்கு ஒரு டப்பா, அதில் விழுந்தது திரும்ப எடுக்கப்படாது. 5 கிராம், 10 கிராம் துண்டுகளைச் சோதிப்பதில் நேரம் செலவிடவில்லை. குறி தெளிவாக இல்லையென்றால் நேரே அந்த டப்பாதான்.

24 கிலோவில் கிளிப் வகை ஈயம் 13.5 கிலோ, ஒட்டும் வகை ஈயம் 2.2, துத்தநாகம் 3.1, இரும்பு 3.9, குப்பையும் சந்தேகமும் 1.3. மூன்றில் ஒரு பங்கு ஈயமே இல்லை. முதல் வாளியும் ஏறக்குறைய இதே போல இருந்திருக்க வேண்டும்.

உருக்கும்போது வெப்பமானி சட்டிக்குள்ளேயே இருந்தது. 340 முதல் 360 டிகிரிக்குள் நிறுத்தினார்கள். அவ்வளவு பிரித்தும் இரண்டு எடைகள் உருகாமல் மிதந்தன. அள்ளி எறிந்தார்கள், அடுப்பைத் தொடவில்லை. கிளிப்புகளை எடுத்தபின் நன்கு காய்ந்த மரத்தூளை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அது கரியானதும் கிண்டினார்கள். கரி, வெள்ளீய ஆக்சைடை மீண்டும் உலோகமாக்கி ஈயத்துக்குள் அனுப்பும், மண்ணையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பு கண்ணாடிபோல் தெளிந்தது. கசடு ஒரு சிறு டப்பாவைத் தாண்டவில்லை.

ஒரு சிறு விபத்தும் நடந்தது. திறந்த வெளியில் வைத்திருந்த குளிர்ந்த கரண்டியை நண்பர் நேரே ஈயத்துக்குள் விட்டார். கரண்டியில் படிந்திருந்த பனியீரம் போதுமானதாக இருந்தது. கைப்பிடி அளவு ஈயம் தெறித்து, முகம் முழுவதையும் மறைக்கும் கவசத்திலும் சட்டைக் காலரிலும் விழுந்தது. கழுத்தில் மொச்சையளவு தீக்காயம். முகக்கவசம் இல்லையென்றால் அது கண். அதன்பின் கரண்டி, அச்சு, வெப்பமானி எல்லாம் சட்டியின் விளிம்பில் சூடேறிய பிறகே உள்ளே போயின.

13.5 கிலோவிலிருந்து 11.3 கிலோ பாளம் கிடைத்தது, மீதி பெரும்பாலும் கிளிப்பு. ஒட்டும் வகை தனியாக உருகித் தனிக் குறியோடு அடுக்கப்பட்டது. மண்மேட்டுக் குண்டுகளையும் தனியாகவே உருக்கினார்கள். செப்பு உறையிட்ட குண்டுகளின் உள்ளே ஈரம் சிக்கியிருக்கும் என்பதால் உறையைச் சுத்தியலால் பிளந்த பிறகே சட்டியில் போட்டார்கள்.

## விளைவு

புதிய பாளங்கள் அச்சை முதல் பத்து வார்ப்புக்குள் நிறைத்தன. எடை 10.1க்கும் 10.2க்கும் இடையில் நின்றது. கடினம் மறுநாள் சோதித்தபோது 9க்கும் கீழே இருந்தது, இரண்டு வாரம் கழித்து 11. ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் உள்ள கலவை வார்த்தபின் நாள்பட இறுகும். அன்றைக்கே அளந்து கலவையைக் குறைசொல்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

குழந்தையின் அளவு ஒரு மாதத்தில் 6.0, மூன்றாம் மாதம் 4.3, ஆறாம் மாதம் 2.8. தந்தையின் அளவு 19இலிருந்து மூன்றாம் மாதம் 14, ஆறாம் மாதம் 9. ரத்தத்தில் உள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும் என்றாலும் எலும்பில் சேர்ந்தது மெல்ல மெல்லத் திரும்ப ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இறக்கம் கணக்கைவிட நிதானமாக இருந்தது. கடைசி மூன்று மாதங்களில் வார்ப்பு மீண்டும் நடந்துகொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. வார்ப்பு நடந்தும் குழந்தையின் எண் இறங்கியது, புகையைவிடத் தூசியே வழி என்ற முடிவுக்கு வலு சேர்க்கிறது.

## மாற்றப்பட்டவை, இன்னும் மாற்ற வேண்டியவை

வெப்பமானி இல்லாமல் அடுப்பு பற்றவைப்பதில்லை. பழஞ்சரக்கை உருக்கும் சட்டியும் வார்க்கும் கொப்பரையும் ஒருபோதும் ஒன்றல்ல. தெரியாத உலோகம் எதுவும் கொப்பரையைத் தொடாது. ஒவ்வொரு உருக்கலிலிருந்தும் முதலில் ஒரு பாளத்தை மட்டும் எடுத்து, சிறு பாத்திரத்தில் உருக்கி 20 குண்டு வார்த்து எடைபோட்ட பிறகே மற்றவை அடுக்கில் சேர்கின்றன.

வேலைத்துணியும் காலணியும் கொட்டகையைத் தாண்டுவதில்லை. துணி கொட்டகையிலேயே ஒரு வாளியில் தனியாகத் துவைக்கப்படுகிறது. சாதாரணச் சோப்பு ஈயத்தை முழுதாக அகற்றாது என்பதால் ஈயம் நீக்கும் துடைப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறார்கள். கையுறை பிரிக்கும்போதும் கசடு வழிக்கும்போதும் கட்டாயம், அந்த இரண்டு வேளைகளில்தான் நுண்துகள் முகமூடியும் கட்டாயம். உருக்கும் நேரத்தில் முகமூடி போட்டு, கசடு கொட்டும் நேரத்தில் அதைக் கழற்றி வைப்பது பலரிடம் பார்க்கும் பழக்கம். தேவை நேர்மாறானது.

கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அடைத்து வெளிவாசல் வழியாக மட்டும் போய்வரும்படி மாற்றச் சொல்லப்பட்டிருக்கிறது, அது நடக்கவில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தொடரும். மூடிய சுடுதளத்துக்குப் போவதை மூன்று மாதம் நிறுத்திவிட்டுத் தந்தைக்கு மீண்டும் ரத்தம் பார்ப்பதாக இருக்கிறது. அவருடைய 9இல் வார்ப்பின் பங்கு எவ்வளவு, சுடுதளத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் ஓரளவு காட்டும்.